வீட்டு உப்புநீர்த் தொட்டியில் தூண்டில் மீன்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தூண்டில் மீன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, நெற்றியில் விளக்கை ஏந்தி ஆழ்கடல் இருட்டில் திரியும் கறுப்பு மீன்தான். 2025 தொடக்கத்தில் டெனெரிஃபே தீவுக்கு அருகே அப்படி ஒன்று பட்டப்பகலில் மேல்மட்டத்துக்கு வந்த காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த மீன் சில மணி நேரத்திலேயே செத்துப்போனது. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தின் குளிருக்கும் அழுத்தத்துக்கும் பழகிய உடம்பு அது. அதை வீட்டில் வைக்க வழியே இல்லை.

வீட்டில் வைக்கக்கூடியது அதே வரிசையைச் சேர்ந்த, ஆழம் குறைந்த பவளப்பாறைகளில் வாழும் ஃப்ராக்ஃபிஷ் குடும்பம். இதற்கும் நெற்றியில் தூண்டில் உண்டு, விளக்குதான் கிடையாது. முதுகுத் துடுப்பின் முதல் முள் மெல்லிய கம்பாக மாறி, அதன் நுனியில் சதைத்துணுக்கு ஒன்று இரையாகத் தொங்கும். மீன் பாறைபோல் உட்கார்ந்து அதை ஆட்டும். பார்க்க வரும் சின்ன மீனை ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் உறிஞ்சிவிடும். கண்ணால் பிடிக்க முடியாது. முன்னால் நின்ற மீன் அடுத்த நொடி அங்கே இருக்காது, அவ்வளவுதான்.

நீந்தித் திரியாத மீன் என்பதால் பெரிய தொட்டி வேண்டாம். விளக்கும் நீரோட்டமும் அதிகம் வேண்டாம். உப்புநீர் மீன்களில் இதைவிடச் சாதுவாக ஓரிடத்தில் கிடப்பது அபூர்வம். அப்படியிருந்தும் வாங்கிய சில மாதங்களில் நிறைய ஃப்ராக்ஃபிஷ் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர் காரணமில்லை, தீனிதான் காரணம். அளவு மீறிய தீனி, தப்பான தீனி, அடிக்கடி போடும் தீனி. அதனால் இந்தக் கட்டுரையிலும் தீனிப் பகுதிதான் நீளம்.

எந்த இனம்

புதியவர்களுக்கு ஏற்றது அன்டெனேரியஸ் மாக்குலேட்டஸ். கடைகளில் 'வார்ட்டி ஃப்ராக்ஃபிஷ்', 'க்ளவுன் ஃப்ராக்ஃபிஷ்' என்று சொல்வார்கள். உடம்பெங்கும் மரு மருவாக இருக்கும், துடுப்பு ஓரங்களில் பெரும்பாலும் சிவப்போ ஆரஞ்சோ ஓடும். பொதுவாக 10 செ.மீ. அளவோடு நின்றுவிடும்.

அன்டெனேரியஸ் பிக்டஸ் 20 செ.மீ.யைத் தொடக்கூடியது. வால் துடுப்பில் கண்போல மூன்று பெரிய புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் இதுதான். ஸ்ட்ரையேட்டஸ் என்ற வரி ஃப்ராக்ஃபிஷும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். அதன் தூண்டில் நுனி புழுவைப் போலவே நெளியும். கமர்சன் என்ற ராட்சத இனம் 30 செ.மீ.யைத் தாண்டும். குட்டியாக இருக்கும்போது இதையும் மாக்குலேட்டஸ் என்று சொல்லி விற்பது நடக்கிறது. நிறத்தை வைத்து இனம் பிரிக்காதீர்கள். மஞ்சள் மீன் சில வாரங்களில் பழுப்பாகலாம், வெள்ளை மீன் இளஞ்சிவப்பாகலாம். சுற்றியிருக்கும் பாறையின் நிறத்துக்கு மாறுவது இவற்றின் பிழைப்பு. மருக்களையும் வால் புள்ளிகளையும் பாருங்கள்.

மிதக்கும் சர்காசம் பாசியில் வாழும் ஹிஸ்ட்ரியோ அழகான மீன்தான். ஆனால் அது தொட்டியின் மேல்மட்டத்தில், தொங்கும் செடிகளுக்கு நடுவே வாழ வேண்டியது. இங்கே சொல்லும் அமைப்பு அதற்குப் பொருந்தாது.

இனி வரும் அளவுகளெல்லாம் ஒரே ஒரு மாக்குலேட்டஸுக்கு. பிக்டஸ், ஸ்ட்ரையேட்டஸ் என்றால் தொட்டியை இரட்டிப்பாக்குங்கள். கமர்சனுக்கு 450 லிட்டருக்குக் குறைந்து யோசிக்காதீர்கள்.

தொட்டியும் சாமான்களும்

2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்: கணக்குக்கு 127 லிட்டர். மேலே விடும் இடைவெளி, பாறை பிடிக்கும் இடம் போக 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். 8 மி.மீ. கண்ணாடி போதும். மீன் சின்னதாயிற்றே என்று 40 லிட்டரில் தொடங்க ஆசை வரும். ஃப்ராக்ஃபிஷ் ஒரே வேளையில் நிறையத் தின்று ஒரே தடவையில் நிறையக் கழியும் மீன். அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா எகிறலைத் தாங்கத்தான் இந்த 100 லிட்டர், உலாவ அல்ல.

சம்ப் (தொட்டியோடு குழாயால் இணைத்த துணைத் தொட்டி) வைக்க இடமிருந்தால் 40 லிட்டர் சம்ப் வையுங்கள்; ஸ்கிம்மர் (நுரையெழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி), ஹீட்டர் எல்லாம் அதற்குள் போய்விடும். இந்த மீனைப் பொறுத்தவரை அதுவே பெரிய லாபம், ஏனென்றால் ஃப்ராக்ஃபிஷ் எதன் மேலும் ஏறி உட்காரும். ஹீட்டர் மேல் உட்கார்ந்தால் வயிறு வெந்துபோகும், மீன் நகரவும் செய்யாது. தொட்டிக்குள்ளேயே ஹீட்டர் வைக்க வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் கூண்டு மாட்டுங்கள். வேவ்மேக்கர் (தண்ணீரை ஓடவைக்கும் விசிறி), பம்பு உறிஞ்சும் வாய், சம்புக்குத் தண்ணீர் வழியும் ஓவர்ஃப்ளோ பற்கள் எல்லாவற்றுக்கும் கரடு ஸ்பாஞ்ச் உறை போடுங்கள். இதன் மார்புத் துடுப்பு கைபோல மடங்கிப் பிடிக்கும். உறிஞ்சும் வாயில் அது மாட்டிக்கொண்டால் கிழியும். ஸ்பாஞ்சை வாரம் ஒரு முறை பிழிந்து கழுவாவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும்.

ஸ்கிம்மர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவு உங்கள் தண்ணீரைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பித் தள்ளும் ரிட்டர்ன் பம்பு மணிக்கு 800 முதல் 1000 லிட்டர் தள்ளினால் போதும். ஓட்டம் நேராக மீன் உட்காரும் இடத்தில் அடிக்கக் கூடாது. அடித்தால் அது இடம் தேடி அலைந்துகொண்டே இருக்கும்.

விளக்கு சாதாரண எல்இடி போதும், நீங்கள் பார்ப்பதற்குத்தான். மூடி வேண்டும்: தீனிக்கு விடும் மோலி என்ற சின்ன மீன் துள்ளி வெளியே விழும், ஆவியாவதும் குறையும்.

பாறை 8 முதல் 10 கிலோ. இந்தியாவில் இருப்பவர்கள் கடலிலிருந்து எடுத்த லைவ் ராக் (நுண்ணுயிர்களோடு வரும் பாறை), பவளத் துண்டு எதையும் வாங்காதீர்கள். கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. செத்த துண்டுக்கும் அது பொருந்தும். செயற்கையாகச் செய்த உலர் பாறை, பீங்கான் பாறை கிடைக்கிறது. பாறையை முதலில் கண்ணாடித் தரையில் ஆடாமல் நிறுத்தி, பிறகு மணல் போடுங்கள். மணல் மேல் பாறை வைத்தால் நாளடைவில் அடியில் குழி விழுந்து சரியும். மீன் உட்கார இரண்டு மூன்று திண்ணைகள், நிழலுக்கு ஒரு குகை, இவ்வளவு போதும். மணல் 2 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். கூழாங்கல் கூடவே கூடாது: இரையை உறிஞ்சும் வேகத்தில் கல்லும் சேர்ந்து உள்ளே போய்விடும்.

தண்ணீர்

ஆர்ஓ தண்ணீர், அதுவும் மிச்சமிருக்கும் தாதுக்களை நீக்கும் டிஐ ரெசின் வழியாக வந்து, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீர். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்ஓ கருவியை நம்பாதீர்கள். குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்று பலவற்றில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும் திருகாணி ஒன்று இருக்கும், அல்லது மினரல் கார்ட்ரிட்ஜ் இருக்கும். மீட்டரை வைத்துப் பார்த்தால் 50, 80 என்று நிற்கும். போர்வெல் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் அந்த வழியாக உள்ளே வந்து, இரண்டாம் மாதம் கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசியாகும்.

உப்பு கடல் தொட்டிக்கென்று விற்கும் கலவை மட்டும். கல்லுப்பில் சோடியம் குளோரைடைத் தவிர மற்றது போதாது. 100 லிட்டருக்கு ஏறக்குறைய 3.6 முதல் 3.8 கிலோ பிடிக்கும். தனி வாளியில் தண்ணீர் ஊற்றி, பம்பு ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி ஒரு நாள் சுற்றவிடுங்கள். உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து, பிறகு கரையவே கரையாது.

அளவுகள்: ஒப்படர்த்தி (உப்பளவைக் காட்டுவது) 1.024 முதல் 1.026, வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், பிஎச் 8.1 முதல் 8.4, காரத்தன்மை 8 முதல் 11 டிகேஎச், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் லிட்டருக்கு 20 மி.கி.க்குள். உப்பை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் பாருங்கள், மாதம் ஒரு முறை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலை விட்டு அதைச் சரிபாருங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்கு மாறும்.

ஆவியாகிக் குறைவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே தினசரி ஈடு செய்ய ஊற்றுவது வெறும் ஆர்ஓ தண்ணீர். இதில் உப்புத் தண்ணீர் ஊற்றி ஒரே மாதத்தில் 1.030-க்குக் கொண்டுபோவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஹீட்டரைவிடத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் பிரச்சினை. மே மாதம் தொட்டி 31 டிகிரிக்குப் போய்விடும். மேலே காற்றாடி வைத்தால் 2 டிகிரி இறங்கலாம், ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் அதுவும் இறங்காது. இந்தத் தொட்டிக்கு 1/10 ஹெச்பி சில்லர் தேவை. அதற்குப் பணம் ஒதுக்க முடியாவிட்டால், ஏசி ஓடும் அறையில் தொட்டி இல்லையென்றால், இந்த மீனைத் தள்ளிப்போடுவது நல்லது. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு; வயிறு நிறைந்த ஃப்ராக்ஃபிஷுக்கோ அப்போதுதான் ஆக்ஸிஜன் அதிகம் வேண்டும். ஊட்டி, டொராண்டோ, லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு 100 வாட் ஹீட்டர் சரியாக இருக்கும்.

சைக்கிளிங்

கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்ப்பதுதான் சைக்கிளிங். அதை மீன் இல்லாமல் செய்யுங்கள். புட்டியில் வரும் நுண்ணுயிர்களை ஊற்றி, அம்மோனியம் குளோரைடு சேர்த்து அம்மோனியாவை லிட்டருக்கு 2 மி.கி.க்கு ஏற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை சோதியுங்கள். அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் ஏறும். 4 முதல் 6 வாரம் ஆகும். மறுபடி 2 மி.கி. சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் தேடப் போகலாம். கடல்நீரின் பிஎச்சில் அம்மோனியாவின் நச்சு வடிவம் நன்னீரில் இருப்பதைவிட அதிகம், ஆகவே 'கொஞ்சம்தானே இருக்கிறது' என்ற சலுகை இங்கே கிடையாது.

இந்த ஆறு வாரத்தைச் சும்மா விடாதீர்கள். பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியில் மோலி வளர்க்கத் தொடங்குங்கள். ஏன் என்பது தீனிப் பகுதியில் வருகிறது.

கடையில் பார்க்க வேண்டியவை

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை நாளாக இங்கே இருக்கிறது, என்ன தின்கிறது? வந்து இறங்கி இரண்டு வாரம் ஆகாத மீனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அங்கேயே விட்டுவையுங்கள்.

மீன் பாறையிலோ தரையிலோ நிலையாகப் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தாலோ, பின்பக்கம் தூக்கி மிதந்தாலோ, மேல்மட்டத்தில் ஒட்டிக்கிடந்தாலோ வேண்டாம். மூச்சு விடும் துளை மார்புத் துடுப்புக்குப் பின்னால் சின்னக் குழாய் வாய்போல இருக்கும். அது நிதானமாகத் திறந்து மூட வேண்டும். வாயும் ஓயாமல் திறந்து மூடினால் ஏதோ சரியில்லை. வயிறு உள்வாங்கியிருந்தால் பட்டினி. பலூன்போல இருந்தால், பார்க்க வருபவர்களுக்கு வேடிக்கை காட்டக் கடையில் அளவில்லாமல் மீன் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாவதுதான் மோசம். தூண்டில் முறிந்திருந்தால் கவலை இல்லை, பெரும்பாலும் திரும்ப வளரும். தோலில் பாசி படிந்திருப்பதும் இயல்பே. பஞ்சுபோல வெள்ளைத் திட்டு இருந்தால்தான் நோய்.

பையில் கட்டுவதற்கு முந்தைய மூன்று நாள் தீனி போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயிறு நிறைந்த மீனைப் பயணத்தில் குலுக்கினால் கக்கிவிடும், கக்கியது அந்த இரண்டு லிட்டர் தண்ணீரைக் கெடுத்து மீனைக் கொல்லும்.

தொட்டிக்குள் விடுதல்

ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: இந்த மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது, ஒரு நொடிகூட. வெளியே வந்தால் காற்றை விழுங்கும். விழுங்கிய காற்றைத் திரும்ப வெளியேற்ற முடியாமல் மிதந்தே சாகும் மீன்கள் உண்டு. வலையும் ஆகாது, தோலைச் சுரண்டும், துடுப்பு சிக்கும். கடையில் பிடிக்கும்போதும் பையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அதற்குள் மீனை நகர்த்தச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

1. பையைத் திறக்காமல் தனிமைத் தொட்டியில் (புது மீனுக்கு நோய் இருக்கிறதா என்று முதலில் தனியாக வைத்துப் பார்க்கும் தொட்டி) 20 நிமிடம் மிதக்கவிடுங்கள்.
2. பையைத் திறந்து, தண்ணீரோடு மீனை அகலமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சரியவிடுங்கள். மீன் முழுவதும் மூழ்கியே இருக்கட்டும்.
3. பைத் தண்ணீரின் உப்பளவைப் பாருங்கள். வித்தியாசம் 0.002-க்குள் என்றால் அரை மணி நேரம் சொட்டுக் குழாயில் தொட்டித் தண்ணீர் விட்டால் போதும். இரண்டு மணி நேரமெல்லாம் வேண்டாம்: பை திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், பையில் சேர்ந்திருந்த அம்மோனியா அப்போதுதான் நஞ்சாக மாறும்.
4. டப்பாவில் பாதித் தண்ணீரைக் கரண்டியால் எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி தொட்டித் தண்ணீரால் நிரப்புங்கள்.
5. டப்பாவைத் தொட்டிக்குள் முழுதாக அமிழ்த்தி, சாய்த்து வையுங்கள். மீன் தானாக நடந்து வெளியே வரும். பத்து நிமிடமானாலும் காத்திருங்கள், தள்ளாதீர்கள்.

காற்று விழுங்கிவிட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே கக்கிவிடும். கக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே தலை மேலே இருக்கும்படி பிடித்து, வயிற்றை வாய்ப் பக்கமாக மெதுவாக நீவிவிடுங்கள். அழுத்த வேண்டாம்.

தனிமைத் தொட்டி 50 லிட்டர், மணலில்லாமல், ஒரு பிவிசி வளைவும் ஒரு பீங்கான் துண்டும் போதும். 30 நாள் வைத்துப் பாருங்கள். நோய் எதுவும் தெரியாமலே முன்னெச்சரிக்கையாகச் செம்பு மருந்து ஊற்றும் பழக்கம் இந்த மீனுக்கு வேண்டாம். செதிலில்லாத தோல், அதற்குச் செம்பு ஒத்துக்கொள்வதில்லை.

தீனி

முதல் இரண்டு மூன்று நாள் எதுவும் போடாதீர்கள். இடம் பழகட்டும். அதற்குப் பிறகு உயிருள்ள இரையில் தொடங்கி, படிப்படியாக உறைந்த தீனிக்குக் கொண்டுபோக வேண்டும்.

உயிருள்ள இரைக்கு மோலியை மிஞ்ச ஆளில்லை. நன்னீர் மீனாக விற்றாலும் முழுக் கடல்நீரில் வாழும், குட்டி போடும். சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் கொள்ளை மலிவு. மோலி வாளியில் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் விட்டு ஏழெட்டு மணி நேரத்தில் 1.024-க்கு ஏற்றிவிடலாம். நன்னீரிலிருந்து ஒட்டிவந்த ஒட்டுண்ணிகள் பல உப்பில் செத்துவிடும் என்பது கூடுதல் வசதி. கடல் மீன்களான டாம்சல்களை இரையாக வாங்கிப் போட்டால் வெள்ளைப்புள்ளி நோயையும் காசு கொடுத்து வாங்கிவருகிறீர்கள். உப்புக்கு மாற்றிய மோலிகளை இரண்டு வாரம் நல்ல கடல் மீன் தீனியும் ஸ்பைருலினா பாசித் தீனியும் கொடுத்து வளர்த்த பிறகே இரையாக விடுங்கள். உங்கள் மீனுக்குப் போய்ச் சேர்வது மோலியின் வயிற்றில் இருப்பதும்தான்.

தங்கமீன் கூடாது. அதில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது; அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். மாதக்கணக்கில் தின்ற மீன் தடுமாறும், குறி தவறும், பிறகு தின்பதையே நிறுத்தும். நன்னீர் மீன்களின் கொழுப்பும் கடல் மீனின் ஈரலுக்கு ஒத்து வருவதில்லை. நம் மீன் சந்தையில் சுலபமாகக் கிடைக்கும் நெத்திலி, மத்தி குடும்பங்களைச் சேர்ந்த பல இனங்களிலும் இதே நொதி உண்டு. உறையவைத்தாலும் அது அழியாது. எப்போதாவது ஒரு துண்டு பரவாயில்லை, அன்றாடச் சாப்பாடாக வேண்டாம்.

இனி அளவு. இரையின் நீளம் மீனின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. தன்னைவிட நீளமான மீனையும் இது விழுங்கும், அதில்தான் ஆபத்து. வாய் கொள்கிறது, வயிறும் விரிகிறது, ஆனால் செரிமானம் அந்த வேகத்தில் நடப்பதில்லை. உள்ளே இருக்கும் இரை செரிப்பதற்கு முன் அழுகத் தொடங்கும், வாயு சேரும், மீன் மிதக்கும், இரண்டு நாளில் போய்விடும். அதற்கு வைத்தியம் ஏதும் இல்லை. 8 செ.மீ. மீனுக்கு 2.5 செ.மீ. மோலி ஒன்று, உறைந்த தீனி என்றால் சுண்டுவிரல் நகத்தளவில் இரண்டு துண்டு.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? 5 செ.மீ.க்குக் குறைந்த குட்டிக்கு ஒன்று விட்டு ஒரு நாள், ஆனால் மிகச் சின்ன இரையாக. அதற்கு மேல் வாரத்துக்கு இரண்டு முறை. முழு வளர்ச்சி அடைந்ததற்கு 4, 5 நாளுக்கு ஒரு முறை போதும். நடுவில் தூண்டிலை ஆட்டி உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது பசி இல்லை. எதிரே எது அசைந்தாலும் ஆட்டும், உங்கள் விரலைப் பார்த்தும் ஆட்டும். கடலில் அடுத்த இரை எப்போது வரும் என்று தெரியாத மீன், கிடைத்ததையெல்லாம் தின்னும்படியே அமைந்தது. 'போதும்' என்று சொல்வது உங்கள் வேலை.

உறைந்த தீனிக்குப் பழக்க ஒரு குச்சி வேண்டும். 45 செ.மீ. நீளம், 3 மி.மீ. பருமன், நிறமில்லாத அக்ரிலிக், முனை மழுங்கியிருக்க வேண்டும். மூங்கில் குச்சி, கம்பி எல்லாம் ஆபத்து: மீன் அடிக்கும் வேகத்தில் குச்சியின் முனை மேல்வாயைக் குத்திவிடும். முதலில் அப்போதுதான் செத்த மோலியை முனையில் லேசாகச் செருகுங்கள், இழுத்தால் கழன்று வர வேண்டும். மீனின் முகத்துக்கு 5 செ.மீ. முன்னால், கொஞ்சம் மேலே, விட்டு விட்டு அசையுங்கள். தள்ளாடும் மீன் நீந்துவதுபோல. தூண்டில் எழுந்தால் மீன் கவனிக்கிறது. அப்போது அசைவை நிறுத்தி ஒரு கணம் விட்டு மறுபடி லேசாக உதறினால் பெரும்பாலும் அந்த உதறலில் அடிக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் குச்சியை எடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள். மூக்கில் இடித்துக் கெஞ்சினால் குச்சியைக் கண்டாலே ஒதுங்கப் பழகிவிடும்.

செத்த மோலியைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் தோலுரித்த கடல் இறால், கணவாய்ச் சீவல், வெள்ளைச் சதை மீன் துண்டு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே தீனியாக இறாலை மட்டும் கொடுக்க வேண்டாம். வாரம் ஒரு வேளைத் தீனியை மீன்களுக்கான வைட்டமின் சொட்டில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். சில மீன்கள் குச்சிக்குப் பழக இரண்டு மாதம் எடுக்கும். சில பழகவே பழகாது, அவற்றுக்குக் கடைசிவரை மோலிப் பண்ணை நடத்த வேண்டியதுதான்.

தின்ற மறுநாள் அம்மோனியா பாருங்கள், தண்ணீர் மாற்றுவதையும் அந்த நாளுக்கு வையுங்கள்: வாரம் 12 லிட்டர், அதற்கு 450 கிராம் உப்பு. தின்ற மூன்று நாளுக்கு மீனை இடம் மாற்றாதீர்கள். கக்கிய இரை கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள், ஒரு இரவு கிடந்தால் தொட்டி முழுக்கக் கெடும்.

துணைக்கு யார்

யாரும் வேண்டாம். சின்ன மீன் இரையாகும். பெரிய மீனையும் விழுங்கப் பார்த்து, தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும். ட்ரிகர், பஃபர், பட்டாம்பூச்சி மீன்கள் தூண்டிலையும் தோலையும் கொத்தும். முள்ளுள்ள லயன்ஃபிஷை விழுங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு ஃப்ராக்ஃபிஷ்? அதுவும் இரைதான். கடல் சாமந்தி கொட்டும். பாசி தின்னும் நத்தைகள் நாலைந்து மட்டும் விடலாம்.

பயப்பட வேண்டியதும் வேண்டாததும்

வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவது இயல்பு. இடம் மாறுவதற்கு முன் நிறைய மீன்கள் விடும். ஆனால் நாள் முழுக்க விட்டுக்கொண்டிருந்தால் உப்பளவையும் அம்மோனியாவையும் சோதியுங்கள். வாரக்கணக்கில் மெல்ல நிறம் மாறுவது சரி; ஒரே நாளில் வெளிறிப்போய் மூச்சு வேகமானால் சரியில்லை. புது இடத்தில் இரண்டு வாரம் தின்னாமல் கிடப்பது நல்ல உடம்புள்ள மீனுக்கு ஒன்றும் செய்யாது. கண்ணாடி ஓரமாக மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ஓட்டம் அதிகம் அல்லது ஒதுங்க இடமில்லை.

வயிறு வீங்குவதில் ஒரு குழப்பம் வரும். பெண் மீன் தனியாக இருந்தாலும் முட்டை கட்டும். சில நாளில் வயிறு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, பார்க்கப் பயமாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் சுருண்ட ஜெல்லி நாடாவாக முட்டைத் தொகுதி மேலே மிதக்கும். ஆண் இல்லாததால் அது பொரியாது. அழுகுவதற்கு முன் கிண்ணத்தால் அள்ளி எடுங்கள். காற்றோ வாயுவோ என்றால் வீக்கம் திடீரென வரும், மீன் தரையில் பிடித்து உட்கார முடியாமல் மேலே இழுபடும். தரையில் நிலையாக இருந்துகொண்டு படிப்படியாகப் பெருத்தால் பொறுத்திருந்து பார்க்கலாம்.

கரண்ட் போனால், ஊருக்குப் போனால்

ரிட்டர்ன் பம்பை இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். சில்லர் அதில் ஓடாது, ஓட வேண்டியதும் இல்லை; சில மணி நேர வெப்ப ஏற்றத்தைவிட ஆக்ஸிஜன் இல்லாமல் போவதுதான் முதலில் கொல்லும். இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் பேட்டரி ஏர் பம்பு ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கரண்ட் வெட்டு அறிவித்திருக்கும் நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் தீனி கிடையாது.

ஒரு வாரம் வெளியூர் போவதற்கு இது தோதான மீன். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு கடைசி வேளை கொடுத்துவிடுங்கள். பார்த்துக்கொள்ள வருபவருக்கு ஆர்ஓ தண்ணீர்க் கேனையும், தொட்டியில் எந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும் என்பதையும் காட்டினால் போதும். ஃப்ரீசரில் இருக்கும் தீனியைப் பற்றி மூச்சு விடாதீர்கள், மோலித் தொட்டியையும் காட்ட வேண்டாம். தூண்டிலை ஆட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் பாவம் பசிக்கிறது என்று யாருக்கும் தோன்றும்.